எண்பத்தெட்டாம் அறிவுரைக்கு ஆதாரம்

எண்டோரோ வனவிலங்குக் காப்பகத்துக்கு வரும் வெளிநாட்டவர் தெரிந்துகொள்ள வேண்டியவை மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. வருகையாளர் அறிவுரை வாரியம் அவற்றுக்கு எண் கொடுத்து, பச்சை அட்டை போட்டுப் புத்தகமாக்கி வைத்திருந்தது. குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர். கருநீலச் சட்டை அணியாதீர். கடி ஈக்களுக்கு அந்த நிறம் பிடிக்கும். பாலங்களையும் காவலர்களையும் படம் எடுக்காதீர். காலையில் காலணியைத் தலைகீழாகத் தட்டிய பிறகே காலை நுழையுங்கள். கூடாரத்தின் ஜிப்பை மூடிவையுங்கள்; குரங்கு அதைத் திறக்கக் கற்றிருந்தால் பூட்டும் போடுங்கள். நீர்யானைக்கும் நீருக்கும் நடுவே நிற்காதீர். எண்பத்தெட்டாவது: வண்டியை விட்டு இறங்காதீர்.

காப்பகத்தின் வாயிலில் வண்டியை நிறுத்தி, இருநூற்றுப் பன்னிரண்டையும் ஓட்டுநர் உரக்க வாசிக்க வேண்டும். நாற்பது நிமிடம் ஆகும். சில சமயம் வருகையாளரின் முதுகுக்குப் பின்னால் யானைக் கூட்டம் ஒன்று குட்டிகளோடு கடந்து போகும். நூற்று நாற்பதாவது அறிவுரையில் இருக்கும் ஒருவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் முதலிலிருந்து வாசிக்க வேண்டும்.

புத்தகத்தில் இல்லாத அறிவுரையை ஓட்டுநர் சொல்லவே கூடாது. இது எங்கள் தொழிலின் முதல் விதி. போன ஆகஸ்டில் ஷெத்ராக்கி என்ற ஓட்டுநன், வண்டியின் திறந்த கூரை வழியே எழுந்து நின்ற ஒரு முதியவரிடம், முள்மரக் கிளை நெருங்குவதைப் பார்த்து, "தலை, ஐயா, தலை!" என்று கத்திவிட்டான். முதியவர் குனிந்தார், பிழைத்தார், ஊருக்குப் போய் வாரியத்துக்கு நன்றிக் கடிதமும் எழுதினார். அந்தக் கடிதமே ஷெத்ராக்கிக்கு எதிரான சாட்சியாயிற்று. தலையைப் பற்றிப் புத்தகத்தில் ஓர் அறிவுரையும் இல்லை. அவனுடைய உரிமத்தை ஆறு மாதம் பறித்துவைத்தார்கள். அவன் கராட்டுச் சந்தையில் வெங்காயம் விற்றான். திரும்பி வந்தபின் புத்தகத்தில் இருப்பதை மட்டுமே பேசினான். சில நாள் வீட்டிலும் அப்படித்தான் என்று அவன் மனைவி சொன்னாள்.

ஃபவுஸ்தின் தார்மோவுக்கு அந்த ஆபத்து இருந்ததில்லை. அவர் இயல்பிலேயே பேசாதவர். பத்தொன்பது ஆண்டுகளாக ஓட்டுகிறார். அவர் வண்டியில் எத்தனை பேர் ஏறினார்களோ அத்தனை பேரும் இறங்கியிருக்கிறார்கள். மே மாதக் கடைசியில், நெடுமழை ஓய்ந்து புல் இடுப்பளவு நின்ற நாளொன்றில், உரிமத்தைப் புதுப்பிக்க வாரிய அலுவலகத்துக்குப் போனார். ஜூன் முதல் தேதி பருவம் தொடங்கும். உரிமம் இல்லாத ஓட்டுநருக்கு ஜூன் என்பது வெறும் தூசிதான்.

வாசல் காவலாளி அவரைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான்.

"போலே, அண்ணே," என்றான்.

எங்கள் நாட்டில் ஒருவர் கல்லில் இடறினாலும் போலே, தாயைப் புதைத்துவிட்டு வந்தாலும் போலே. சொல் ஒன்றுதான், துக்கத்தின் அளவைக் குரல் சொல்லிவிடும். காவலாளியின் குரல் ஆறடி ஆழத்துக்கு இறங்கியிருந்தது. படியில் மண்டாசிப் பணியாரம் விற்கும் பெண், சூடாக இரண்டைக் காகிதத்தில் சுற்றி அவர் கையில் திணித்தாள். "போலே, அண்ணே. சாப்பிடுங்க. காசு வேண்டாம்." மாடியில் தரை துடைத்துக்கொண்டிருந்தவர் துடைப்பத்தை நிமிர்த்திப் பிடித்து, கொடிக்கு முன் நிற்பவர்போல நின்றார்.

தார்மோ மனைவிக்குத் தொலைபேசினார்.

"பசிலிசா, யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கு என்ன ஆகணும்?"

"எல்லாரும் இருக்கீங்கல்ல?"

"இருக்கோம். நத்தாலியா பள்ளிக்கூடத்துல இருக்கா. மாடு கொட்டில்ல இருக்கு. நான் அடுப்படில இருக்கேன். குடிச்சிருக்கீங்களா, நத்தாலியா அப்பா? மணி பத்துகூட ஆகலியே."

புதுப்பித்தல் பிரிவின் அதிகாரி ம்வானஹாவா கடற்கரைப் பக்கத்துக்காரர். மிகவும் அன்பானவர். அவருடைய அறையில் கூரைவரை அலமாரிகள் இருந்தன, அலமாரிகளில் எண்ணிட்ட கோப்புகள். தார்மோவின் விண்ணப்பம் மேசைமேல் கிடந்தது. 'கண்ட அசம்பாவிதங்கள்' என்ற வரிக்கு நேரே அவர் எழுதியிருந்த 'இல்லை'யைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"பத்தொம்போது வருஷம். ஒண்ணுமே நடக்கலியா அண்ணே?"

"இல்லக்கா."

"ஒரு விரல்? ஒரு சுண்டு விரல்கூட?"

"இல்ல."

ம்வானஹாவா பெருமூச்சு விட்டார். "உங்கள மாதிரி ஆளுங்களாலதான் எங்களுக்குத் தூக்கமே போச்சு."

பிறகு பொறுமையாக விளக்கினார். தலைநகரிலிருந்து தணிக்கையாளர் ஒருவர் வந்திருக்கிறார். அவர் ஒரு புதிய கொள்கையோடு வந்திருக்கிறார். ஒவ்வொரு அறிவுரைக்கும் கீழே நடந்த சம்பவம் ஒன்று இருக்க வேண்டும். சம்பவம் இல்லாத அறிவுரை வதந்தி. வதந்தியை அரசு அச்சிடக் கூடாது.

"குழாய்த் தண்ணிக்கு நானூறு கோப்பு இருக்கு, வைக்க எடமில்ல. நீர்யானைக்கு மூணு. கருநீலச் சட்டைக்கு ஒரு பாதிரியார், பாவம். இருநூத்திப் பதினொண்ணுக்கும் ஆதாரம் இருக்கு அண்ணே. எண்பத்தெட்டுக்கு மட்டும் இல்ல." அவர் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை. "அம்பது வருஷமா எல்லாரும் சொன்ன பேச்சக் கேட்டு உள்ளயே உக்காந்திருந்துட்டாங்க. ஒருத்தர்கூட இறங்கல. அதனால ஒண்ணும் நடக்கல. அதனால ஆதாரம் இல்ல."

"அப்ப அறிவுரை நல்லா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?"

"வேலை செய்யுதுன்னு என்ன ஆதாரம்?"

"ஒண்ணும் நடக்கலியே."

"நடக்காதத எந்தக் கோப்புல வச்சுத் தைக்கறது அண்ணே?"

தார்மோ யோசித்தார். தைக்க வழி தெரியவில்லை.

"முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள ஆதாரம் வரலேன்னா எண்பத்தெட்ட எடுத்துருவாங்க. அப்புறம் வர்றவங்கெல்லாம் சிங்கத்துக்குப் பக்கத்துல போய் நின்னு படம் புடிப்பாங்க. நீங்களும் வாயத் தொறக்க முடியாது. எத்தனை உயிர் போகும், யோசிச்சுப் பாருங்க." அவருடைய கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன. காலிக் கோப்பை மூடி, அட்டையைத் தார்மோவின் பக்கம் திருப்பினார். அழகான கையெழுத்தில் அங்கே மூன்று வரிகள் இருந்தன. சம்பவ நாள்: மே 31. தன்மை: சிங்கம். பெயர்: ஃபவுஸ்தின் தார்மோ.

"இது எம் பேரு."

"ஆமாண்ணே. போலே."

"ஏன் நானு?"

"கவனமில்லாதவனச் சிங்கம் தின்னா அது கவனக்குறைவுக்குத்தான் ஆதாரம். பத்தொம்போது வருஷம் கவனமா இருந்தவனத் தின்னாத்தானே அது சிங்கத்துக்கு ஆதாரம்?"

"நான் மாட்டேங்கறேன்."

"நல்லது, மறுக்க உங்களுக்கு உரிமை இருக்கு." ம்வானஹாவா எழுந்துபோய் இன்னொரு அலமாரியைத் திறந்தார். "மூணாவது அறிவுரை. அதிகாரிகளிடம் வாக்குவாதம் செய்யாதீர். அதுக்கு ஏழு சம்பவம் இருக்கு."

ஏழு கோப்புகளும் தடிமனாக இருந்தன.

"அந்த ஏழு பேரும் இப்ப எங்கக்கா?"

"இதோ, இங்கதான்," என்று கோப்புகளைத் தட்டினார் ம்வானஹாவா.

இயக்குநர் லுதெங்கானோ அறுபதைத் தாண்டியவர். அவர் அறையில் கம்பளம், அதன்மேல் இன்னொரு கம்பளம். மூத்தவரைக் கண்டால் இளையவர் தலை தாழ்த்தி 'ஷிகாமூ' சொல்வது எங்கள் வழக்கம். தார்மோ சொல்ல வாயெடுப்பதற்குள் இயக்குநர் நாற்காலியைவிட்டு எழுந்து, முழுவதுமாகக் குனிந்து, "ஷிகாமூ," என்றார்.

தார்மோ ஓர் அடி பின்வாங்கினார். "ஐயா, நான் உங்களவிட இருவது வயசு சின்னவன்."

"இப்போதைக்கு," என்றார் இயக்குநர். "செத்தவங்க எல்லாருக்கும் மூத்தவங்க, தார்மோ. நாலு நாள் முன்னாடியே மரியாதை குடுக்கறதுல ஒண்ணும் கொறஞ்சிடாது. உக்காருங்க. இல்ல, அந்த நாற்காலி வேண்டாம், மெத்து மெத்துன்னு இருக்கறதுல உக்காருங்க."

அவர் ஜன்னலருகே போய் நின்றுகொண்டு பேசினார். எதிரே ஒருவர் இருந்தாலும் முந்நூறு பேர் இருப்பதாக நினைத்துப் பேசுவது அவர் பழக்கம்.

"இந்த வாரியம் யாருக்கும் கெடுதல் நெனச்சதில்ல. நாங்க உழைக்கறது வருகையாளரோட உயிருக்காக. அந்த உயிர் அறிவுரையில இருக்கு. அறிவுரை ஆதாரத்துல இருக்கு. ஆதாரம் ஒரு நல்ல குடிமகன்கிட்ட இருக்கு. நானே முன்வந்திருப்பேன், என் மனசாட்சி அதுக்குத்தான் துடிக்குது. ஆனா எனக்கப்புறம் அந்தக் கோப்புல யாரு கையெழுத்துப் போடறது? அதையும் யோசிக்கணுமில்ல?"

"என்னத் தள்ளிவிடப் போறீங்களா, ஐயா?"

இயக்குநர் காயப்பட்டவராகத் திரும்பினார். "தள்ளறதா? தள்ளினா அது சம்பவம் ஆகாது, கொலை ஆயிடும். அது வேற துறை. நாங்க அவங்க வேலையில தலையிடறதில்ல." அவர் மேசையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். தார்மோவின் படத்தோடு, முத்திரை குத்திய புதிய உரிமம். "உங்க உரிமம் தயார். விதிப்படி விண்ணப்பதாரர் நேர்ல வந்து வாங்கிக்கணும். முப்பத்தொண்ணாம் தேதி, காப்பகத்துக்குள்ள, சிங்கம் இருக்கற எடத்துல ஒரு முக்காலி போட்டு இத வைப்போம். வண்டிலேர்ந்து பன்னெண்டு அடி. வந்து எடுத்துக்கறதும் எடுக்காததும் உங்க இஷ்டம். எடுக்கலேன்னா புதுப்பிக்க விருப்பமில்லன்னு எழுதிக்குவோம். இது சுதந்திர நாடு."

தார்மோ வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள்.

எங்கள் ஊரில் கல்யாணமானாலும் சாவானாலும் முதலில் பிறப்பது குழு. பிறந்த குழுவை யாராலும் கலைக்க முடியாது. காரியம் நடந்தால்தான் அது கலையும். பதினோரு ஆண்டுகளுக்கு முன் நிச்சயதார்த்தத்தோடு முறிந்துபோன ஒரு கல்யாணத்துக்கான குழு இன்னமும் வியாழக்கிழமைகளில் கூடுகிறது. தார்மோவுக்கான துக்கக் குழுவில் தலைவர், துணைத் தலைவர், செயலாளர், நாற்காலிப் பொறுப்பாளர் எல்லாரும் இருந்தார்கள். வாரியத்திலிருந்து முறைப்படி கடிதம் வந்திருந்ததாம். தலைவர் பக்கத்து வீட்டுப் போவாய்.

"புலாவுதான்," என்று போவாய் சொல்லிக்கொண்டிருந்தார். "மக்காச்சோளமும் பயறும் அவிச்சுப் போட்டா ஊரு காறித் துப்பும்."

பசிலிசா கையில் அகப்பையோடு வாசலில் நின்றாள். "போவாய் அண்ணே! இதோ வர்றாரு பாருங்க, ரெண்டு காலாலதான் வர்றாரு! எடுங்க பந்தல!"

"வரட்டும் நத்தாலியா அம்மா, வரட்டும். நாங்க யாரையும் அவசரப்படுத்தலியே."

"உங்க ஆடு காணாமப் போனப்ப ஊரெல்லாம் அலைஞ்சு தேடினது யாரு? இவருதானே?"

"அந்த நன்றிக்குத்தான் தலைவர் பதவிய நானே எடுத்துக்கிட்டேன். வேற எவனாச்சும் இருந்தா மக்காச்சோளத்தோட முடிச்சிருப்பான்."

நாற்காலிப் பொறுப்பாளர் ஒரு துணிச்சுருளை விரித்துக் காட்டினார். பெண்கள் இடுப்பில் கட்டிக்கொள்ள அச்சடித்த மஞ்சள் துணி. அதில் சாணுக்கு ஒன்றாகத் தார்மோவின் முகம், ஐம்பது, அறுபது முகங்கள், எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தன. உரிமத்துக்காக எடுத்த படம். தார்மோ அதைத் தொட்டுப் பார்த்தார். நல்ல பருத்தி.

உள்ளே உகாலிக் களியையும் கீரையையும் முன்னால் வைத்துவிட்டுப் பசிலிசா எதிரே அமர்ந்தாள்.

"போகாதீங்க. வெங்காயம் விப்போம்."

"ஷெத்ராக்கி ஆறு மாசம் வித்தான். கண்ணு ஏண்டா செவந்திருக்குன்னா வெங்காயம்னான்."

"கண்ணு இருந்தாத்தானே செவக்கும்? போகாதீங்கன்னா போகாதீங்க."

தார்மோ உகாலியை உருட்டினார். வாயில் போடவில்லை. "அன்னிக்கு வண்டிய யாரு ஓட்டறா தெரியுமா?" என்றார்.

"யாரு?"

"நான்தான். வாரியத்துல யாருக்கும் அந்தச் சேத்துல ஓட்டத் தெரியாது." அவர் முகத்தில் அன்று முதல்முறையாக ஏதோ அசைந்தது. "சிங்கம்னுதான் கோப்புல எழுதியிருக்காங்க. எந்தச் சிங்கம்னு எழுதல."

பருவத்துக்கு முன் பாதைகளைப் பார்த்துவரப் போயிருந்த ஷெத்ராக்கி, முப்பதாம் தேதி மாலை அவருக்குத் தகவல் கொண்டுவந்தான். கழுகுப் பாறைக்குக் கீழே ஒன்பது சிங்கங்கள் ஓர் எருமையை வீழ்த்தியிருந்தன. காலையிலிருந்து தின்றுகொண்டிருந்தன. எருமையை வயிறு முட்டத் தின்ற சிங்கம் இரண்டு நாளைக்குச் சிங்கமில்லை, வெயிலில் போட்ட மூட்டை. பத்தொன்பது ஆண்டுகளில் தார்மோ படித்திருந்த ஒரே புத்தகம் அந்த வயிறுகள்தான்.

மே 31 காலையில் வண்டி கிளம்பியது. இயக்குநர் கறுப்புக் கோட்டு அணிந்திருந்தார். ம்வானஹாவா முக்காலியை மடியில் வைத்திருந்தார். தணிக்கையாளர் மெலிந்த மனிதர். 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்பதைத் தவிர வேறெதுவும் பேசாதவர் என்று கேள்விப்பட்டிருந்தோம். வாயிலில் தார்மோ இருநூற்றுப் பன்னிரண்டையும் வாசித்தார். முப்பதாவதில் மூவரும் தூங்கிப்போனார்கள். அவர்கள் தங்கள் புத்தகத்தைக் கேட்டது அதுவே முதல்முறை.

கழுகுப் பாறைக்குக் கீழே வேல மரத்தடியில் சிங்கங்கள் கிடந்தன. வயிறுகள் மத்தளம்போல. ஒன்று மல்லாந்து நான்கு காலையும் காற்றில் விட்டிருந்தது. ஈக்களை விரட்டக்கூட வால்கள் எழவில்லை. ம்வானஹாவா வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். வண்டிக் கூரையிலிருந்து கயிறு கட்டி முக்காலியை இறக்கினார்கள், அதன்மேல் உரிமத்தை. தார்மோ வண்டியைச் சரியாகப் பன்னிரண்டு அடி பின்னுக்கு எடுத்தார். இயக்குநர் திறந்த கூரை வழியே எழுந்து நின்று இரங்கல் உரையைத் தொடங்கினார். "அன்னாரின் கவனத்தை இந்த நாடு என்றும் மறவாது..."

தார்மோ கதவைத் திறந்து இறங்கினார்.

புல் ஈரமாக இருந்தது. காப்பகத்தின் மண்ணில் அவர் கால் படுவது அதுவே முதல் தடவை. பத்தொன்பது ஆண்டுகளாக அதைச் சக்கரங்கள் வழியாகவே அறிந்திருந்தார். இரண்டு அடி நடந்தார். பிறகு, பழக்கத்தால், எண்ணினார். மரத்தடியில் எட்டுத்தான் இருந்தன.

ஒன்பதாவது அவருக்கு இடப்பக்கம், புல்லுக்குள் நின்றிருந்தது. கிழட்டுப் பெண் சிங்கம். தாடை ஒரு பக்கம் உடைந்து தொங்கியது. மற்றவை தின்றபோது அதற்கு இடம் கிடைத்திருக்காது. விலா எலும்புகளை எண்ணலாம். அது அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஓர் ஆச்சரியம் இருந்தது. சிங்கங்களுக்கு வண்டி என்பது ஒரே பிராணி: வட்டக் கால்கள், புகை மூச்சு, தின்ன உதவாத தோல். அந்தப் பிராணியிலிருந்து இவ்வளவு மென்மையான ஒரு துண்டு தனியே கழன்று வரும் என்பதை அது வாழ்நாளில் முதல்முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

தார்மோ ஓடவில்லை. முக்காலியை அடைந்தார், உரிமத்தை எடுத்தார், முதுகு காட்டாமல் பின்னோக்கி நடந்தார். பெண் சிங்கம் ஓர் அடி வைத்தது. இரண்டாவது. மூன்றாவது. கதவு மூடியது.

இயக்குநர் உரையின் இரண்டாம் பக்கத்தைக் கையில் பிடித்தபடி நின்றார்.

தணிக்கையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "விண்ணப்பதாரர் இறங்கினார். ஒன்றும் நடக்கவில்லை. குறித்துக்கொள்ளப்பட்டது."

"அது மூணு அடி வந்துச்சு, ஐயா," என்றார் தார்மோ.

"வந்தால் சம்பவமில்லை. வந்து சேர்ந்தால்தான் சம்பவம்."

"அப்ப, எண்பத்தெட்டு?" என்று கேட்டார் ம்வானஹாவா, கண்களைத் துடைத்துக்கொண்டே.

"ஆதாரம் கிடைத்துவிட்டது. அறிவுரையை ஆதாரத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டும்."

இயக்குநரின் முகம் மெல்ல மலர்ந்தது. அவர் குனிந்து தார்மோவைத் தோளோடு அணைத்துக்கொண்டார். "பாத்தீங்களா? உங்களுக்கு எங்க மேல என்ன கோபம் இருந்துச்சு! நாங்க சாவக் கேட்டோமா? ஆதாரத்தத்தானே கேட்டோம்! எப்படி வந்தாலும் எங்களுக்குச் சம்மதம்."

"ஐயா, அதுங்க வயிறு ரொம்பியிருந்துச்சு. அதனாலதான் நான் இங்க கூட்டிட்டு வந்தேன். தெரிஞ்சே கூட்டிட்டு வந்தேன்."

"வயித்தப் பத்திப் படிவத்துல எடமில்ல, தார்மோ," என்றார் இயக்குநர் கனிவாக.

வீட்டில் போவாய் பந்தலடியில் நின்றிருந்தார். "வந்துட்டியா," என்றார், ஏமாற்றத்தை மறைக்க முயன்று. புலாவு வெந்திருந்ததால் எல்லாரும் சாப்பிட்டார்கள். குழு கலைக்கப்படவில்லை, ஒத்திவைக்கப்பட்டது. பசிலிசா கணவனின் முதுகில் இரண்டு அடி போட்டுவிட்டு, பிறகு அங்கேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். தார்மோவின் கண்கள் முற்றத்துக்கு அப்பாலிருந்த புல்லைப் பார்த்தபடி இருந்தன.

புதிய பதிப்பு இரண்டே நாளில் வந்துவிட்டது. வாரியத்தின் வரலாற்றில் அவ்வளவு வேகமாக எதுவும் அச்சானதில்லை. எண்பத்தெட்டாம் பக்கத்தில் தார்மோவின் சிரித்த முகம். கீழே: வருகையாளர் விரும்பினால் வண்டியை விட்டு இறங்கலாம். ஆதாரம் உண்டு.

ஜூன் மூன்றாம் தேதி தார்மோவுக்கு வாய்த்தவர்கள் ஓர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரும் அவர் மனைவியும். ஆசிரியர் ஒவ்வொரு அறிவுரைக்கும் பென்சிலால் குறி போட்டுக்கொண்டே வந்தார். எண்பத்தெட்டை வாசிக்கும்போது தார்மோவின் குரல் தேய்ந்து காற்றாகிவிட்டது. ஆசிரியர் படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "அட, நீங்கதானா இது!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் மனைவி மூவரையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

தார்மோ காலை முழுவதும் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்று புத்தகத்தில் எங்கும் இல்லை. வரிக்குதிரைகளை ஓடிக்கொண்டே காட்டினார். ஒட்டகச்சிவிங்கிகளை ஓடிக்கொண்டே காட்டினார். சிங்கம் என்றால் எதிர்ப்பக்கம் திருப்பினார். "கொஞ்சம் நின்னு போகலாமே," என்று மனைவி இருமுறை சொன்னார். மூன்றாம் முறை அவர் குரலில் புகார் இருந்தது. புகார் எங்கே போய்ச் சேரும் என்பது தார்மோவுக்குத் தெரியும். புதிய உரிமம் சட்டைப் பையில் நெஞ்சோடு ஒட்டிக்கிடந்தது.

நண்பகலில், ஆற்றுப்பக்கத்து மேட்டைத் தாண்டியதும் பாதையை அடைத்துக்கொண்டு ஒரு வண்டி நின்றது. ஷெத்ராக்கியின் வண்டி. இரு பக்கமும் சேறு, புல் இடுப்பளவு. தார்மோ நிறுத்தத்தான் வேண்டியிருந்தது.

அந்த வண்டியின் நான்கு கதவுகளும் திறந்திருந்தன. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை.

தார்மோ ரேடியோவை எடுத்து, "ஷெத்ராக்கி," என்றார். "ஷெத்ராக்கி, எங்கடா இருக்க?" அவர் குரல் எதிரே அந்தக் காலி வண்டிக்குள்ளிருந்து சன்னமாகத் திரும்பி வந்தது. சுற்றிலும் புல் அசைந்தது. காற்று இல்லை.

"பாருங்க, அவங்கெல்லாம் இறங்கிட்டாங்க," என்றார் ஆசிரியரின் மனைவி, கேமராவின் மூடியைக் கழற்றியபடி. "அவங்க டிரைவர் நல்லவர்போல."

தார்மோ பின்னுக்கு எடுக்க கியரைப் போட்டார். பின்சக்கரங்கள் சேற்றில் சுழன்றன, வண்டி அசையவில்லை. அவர் இருக்கையில் முழுவதுமாகத் திரும்பினார்.

"இறங்காதீங்க," என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஆசிரியர் பென்சிலை எடுத்துவிட்டார். புத்தகத்தை முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டினார்.

"இது எத்தனாவது?"

"எண் கெடையாதுங்க. நான் சொல்றேன். கும்பிட்டுக் கேட்டுக்கறேன், இறங்காதீங்க. என் உரிமத்த வேணா வச்சுக்குங்க." தார்மோ அட்டையை உருவி அவர் மடியில் போட்டார்.

ஆசிரியர் அட்டையில் இருந்த படத்தைப் பார்த்தார். எண்பத்தெட்டாம் பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்தார். இரண்டும் ஒரே படம். பிறகு, வீட்டுப்பாடம் செய்யாத மாணவனின் சாக்கைக் கேட்டு மன்னிப்பவர்போலச் சிரித்தார்.

"ஆனா நீங்க இறங்கினீங்களே," என்றபடி கைப்பிடியை அழுத்தினார்.